நீண்டுபோன இறகு

அக்கா மகளின் கை தன் கைக்குள் இல்லை என்பது அவனுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

பேருந்து நிலையத்தின் பெரிய சுவரில் ஒருத்தி பறவை வரைந்துகொண்டிருந்தாள். சாரத்தின் பலகையில் உட்கார்ந்து, இறகை இழை இழையாக, மூச்சை அடக்கி இழுத்தாள். பெட்டி தூக்குகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அவனும் வாயைப் பிளந்து நின்றான். "கையை விட்டுடாதடா, அது வாலு" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் அக்கா டிக்கெட் எடுக்கப் போயிருந்தாள்.

"வாலு!"

தண்ணீர்க் குழாயடியில் இல்லை. பெஞ்சுகளுக்கு அடியில் இல்லை. உறுமிக்கொண்டு நின்ற பேருந்தின் சக்கரங்களுக்கு இடையே குனிந்து பார்த்தான். அக்கா முகத்தில் எப்படி விழிப்பான்?

சாரத்தின் அடிக்குத் திரும்பி ஓடி வந்தான்.

"மேலேருந்து பாத்தீங்களா? நாலு வயசுப் பொண்ணு, மஞ்சச் சட்டை!"

ஓவியக்காரி திரும்பவில்லை. தூரிகை நகர்ந்துகொண்டே இருந்தது.

"உங்களத்தான்! இங்க புள்ளயக் காணோம், உங்களுக்குப் படம் பெருசாப் போச்சா?"

"கத்தாதீங்க." உதடு அசையாமல் சொன்னாள். "என் பின்னாடி, வாளிக்கு அந்தப் பக்கம். கூப்பிட்டுடாதீங்க."

பின்னால் நகர்ந்து அண்ணாந்தான். மஞ்சள் சட்டை. ஏணியில் ஏறிப் போயிருக்கிறாள். இரண்டு ஆள் உயரம், தடுப்புக் கம்பி இல்லை. குதிகால் பலகைக்கு வெளியே நின்றது. கண் தூரிகை நுனியில்.

"பிடிச்சுக்கங்களேன்..."

"எனக்கு எட்டாது. அசைஞ்சா பலகை ஆடும். தூரிகை நின்னா அவ திரும்புவா. நீங்க ஏறுங்க. மெதுவா."

ஏறினான். ஒவ்வொரு படிக்கும் ஏணி முனகியது. இறகு முடிந்துவிட்டது. கோடு சிறகைத் தாண்டி, வானத்தில் போய்க்கொண்டிருந்தது. சாயம் வற்றியது. வெறும் தூரிகையை அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். குழந்தையின் தலை அதன் கூடவே சாய்ந்தது. குதிகால் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது.

எட்டி இடுப்பை வளைத்துப் பிடித்தான்.

"விடு மாமா! இன்னும் முடியல!"

அப்படியே பலகையில் சரிந்தான். ஓவியக்காரி தூரிகையைக் கீழே வைத்தாள். அவள் விரல்கள் இப்போதுதான் வெடவெடத்தன.

"படம் கெட்டுப்போச்சே. அந்தக் கோட்டை அழிச்சிடுவீங்களா?" என்று கேட்டான்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டா? இன்னைக்கு ஆகாது."

கீழே அக்காவின் குரல். "மேல என்னடா கூத்து பண்றீங்க ரெண்டு பேரும்? பஸ் கெளம்புது!"

அவன் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டான்.

"போகட்டும்க்கா," என்றான்.