வால்வு கார்டுக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் சபேஷின் நெஞ்சிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஆபரேஷன் செய்து, பழுதான இதய வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். அது திறந்து மூடுகிற சத்தம். முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. இப்போது அந்தச் சத்தம் காதில் விழாவிட்டால்தான் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கிடப்பேன்.

இந்தச் சித்திரையில் அவருக்கு வலது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. கடலூர் டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முதுகுல நரம்பு அழுந்துதுபோல. எம்ஆர்ஐ எடுத்தாதான் தெரியும். வால்வு போட்டவங்களுக்கும் பெரும்பாலும் எடுக்கலாம், வால்வு கார்டைக் கொண்டு போங்க. தள்ளிப்போடாதீங்க, கால் வராமப் போயிடும்" என்றார். எம்ஆர்ஐ என்றால் பெரிய காந்தம் என்பது எனக்குத் தெரியும். சிலிண்டரையே இழுத்துக்கொண்ட கதையெல்லாம் கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணும் வேணாம். எண்ண தடவி உருவுறேன், சரியாயிடும்" என்றேன்.

"பயப்படாத லலிதா. வால்வு பிச்சிக்கிட்டு வந்தா நீ கேட்ச் புடிச்சிக்க."

"உங்க வாயில வசம்ப வச்சித் தேய்க்க!"

இப்படியே நாளைக் கடத்தினேன். ஒருநாள் கீழ வீதியில் எங்கள் ஜெராக்ஸ் கடையிலிருந்து அவர் வீட்டுக்குக் கிளம்பினார். கடை வாசலிலேயே வலது கால் செருப்பு கழன்று கிடந்தது. அது தெரியாமல் மனுஷன் கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எனக்கு அழுகை அழுகையாய் வந்தது. மறுநாளே கடலூருக்கு பஸ் ஏறினோம்.

ஸ்கேன் சென்டரில் அறிவுமதி என்று ஒரு பெண். மெஷினை இயக்குவது அவள்தான். "உடம்புக்குள்ள எதுனா வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். நான் மஞ்சள் துணியைப் பிரித்து, என்ன வால்வு என்று எழுதி ஆபரேஷனப்போ ஆஸ்பத்திரியில் கொடுத்த கார்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி இது?"

சந்தனமும் குங்குமமும்தான். அவர் உயிரைக் காப்பாற்றின வால்வாச்சே, கார்டைச் சாமி அலமாரியில் நடராஜர் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைப்பேன். ஆருத்ரா தரிசனத்துக்குக் கூடுதலாக ஒன்று. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பொட்டோடு எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது. வால்வின் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை.

"பொதுவா வால்வுக்குப் பிரச்சன இருக்காது ஆன்ட்டி. ஆனா என்ன வால்வுன்னு தெரியாம உள்ள அனுப்ப மாட்டேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். "ஊரு சனத்துக்கெல்லாம் ஆதார் கார்டு ஜெராக்ஸ் போட்டுக் குடுக்குறீங்க. உங்க கார்ட ஒரு காப்பி எடுக்கத் தோணல?"

"சாமிகிட்டருந்து எடுத்தா நீ சும்மா உட்ருப்பியா?" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கையால் வலது தொடையை அமுக்கிக்கொண்டிருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றவள் நான்தான். இப்போது ஸ்கேன் நடக்காமல் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. "எப்பிடியாவது எடுத்துடும்மா, அவுரு கால் போயிடும்" என்று அறிவுமதியின் கையைப் பிடித்தேன்.

சென்னை ஆஸ்பத்திரிக்கு அவள் போன் போட்டாள். ஆபரேஷன் விவரத்தைத் தேடி அனுப்பினார்கள். அதைப் படித்த ஸ்கேன் டாக்டர், இந்த வால்வுக்கு இந்த மெஷின் ஆகும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

"மோதிரம், வாட்ச், அரைஞாண் எல்லாம் கழட்டிடுங்க சார்" என்றாள் அறிவுமதி. அரைஞாண் கயிற்றில் கடைச் சாவிக்கொத்து தொங்கியது. "இதோட உள்ள போயிருந்தா வம்பு ஆன்ட்டி" என்றாள். ஆறு வருஷமாக உள்ளே பத்திரமாக இருக்கிற வால்வுக்குப் பயந்தவளுக்கு இடுப்பில் தொங்குகிற இரும்பு கண்ணில் படவேயில்லை!

கதவைச் சாத்தினார்கள். உள்ளேயிருந்து தடதடவென்று ஒரே இரைச்சல். அந்த இரைச்சலில் டிக் டிக்கை எங்கே கேட்பது? சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, நடராஜா நடராஜா என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர் வெளியே வந்தார். நான் நேரே போய் அவர் நெஞ்சில் காதை வைத்தேன்.

"ஏ, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பேசாதீங்க, கேக்கல."

டிக் டிக். டிக் டிக்.

முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, சரிசெய்துவிடலாம், கால் தப்பும் என்றார் டாக்டர். ஊருக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் புதுக் கார்டு கேட்டுச் சென்னை ஆஸ்பத்திரிக்கு எழுதிப்போட்டார். அது வந்த கையோடு பத்து காப்பி எடுத்து, கார்டை லேமினேஷனும் செய்து, சாமி அலமாரிப் பக்கமே கொண்டுபோகாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு திரும்பினேன். அவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"கார்டு வேணாம், கைய எடுங்க" என்றேன்.

சட்டைப் பொத்தானைக் கழற்றி, அந்த ஆபரேஷன் தழும்பின்மேல் பொட்டை வைத்தேன். விரலுக்கடியில் அது அடித்துக்கொண்டிருந்தது.