இரண்டு பத்துக்கு ஏறிய கோடு

காருக்கும் தூக்கம் உண்டு என்று மீட்டர் சொன்னபோது நர்ஸ் சிரித்துவிட்டாள்.

மீட்டர் என்பது கடைத்தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவர். கரண்டை அளக்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப மாட்டார்.

“நிஜமாத்தாம்மா. கதவைப் பூட்டினதும் வண்டி படக்குனு தூங்கிடாது. உள்ளே இருக்கிற குட்டிக் குட்டிக் கம்ப்யூட்டரெல்லாம் ஒண்ணொண்ணா கண்ணை மூடணும். முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதுக்குள்ள அளந்தா கணக்கு தப்பு.”

“அது தூங்குதோ இல்லையோ, எனக்கு வேலை போயிடும்ணே.”

விஷயம் அதுதான். மூன்று வாரமாகத் தினமும் விடியற்காலையில் அவள் வண்டி செத்துக் கிடந்தது. காலையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து அதற்கு உயிர் கொடுப்பார். மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவர் அதே புண்ணியத்தைக் கட்டிக்கொள்வார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு முறை ‘தாமதம்’ எழுதிவிட்டார்கள். மூன்றாவது முறை எழுதினால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

பானட்டைத் திறக்க உள்ளே ஏறிய மீட்டருக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. “ஏம்மா, இவ்வளவு ஒட்டி உக்காந்தா ஸ்டியரிங்குக்கே மூச்சு முட்டுமே!”

“என் உயரத்துக்கு அதுதான் சரி. உங்க காலுக்கு வேணும்னா லாரி வாங்கிக்கோங்க.”

பட்டனை அழுத்தினார். மோட்டார் முனகியபடி சீட்டைப் பின்னுக்குத் தள்ளியது. இறங்கும்போது மறக்காமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார்.

பேட்டரி ஒயரில் கரண்ட் அளக்கும் மீட்டரை மாட்டிவிட்டு, வண்டியைப் பூட்டச் சொல்லிக் காத்திருந்தார். எண் இறங்கியது. நாலு ஆம்பியர், ஒன்று, கால். நாற்பதாவது நிமிடத்தில் புள்ளி பூஜ்யம் மூன்றில் நின்றது. அவ்வளவு சொற்பமாகக் குடிக்கிற வண்டி ஒரு மாதம் சும்மா நின்றாலும் ஸ்டார்ட் ஆகும்.

“வண்டி மேல தப்பில்லை,” என்றார். அதைச் சொன்னபோது அவருக்கே ஏனோ நிம்மதியாக இல்லை. “சாவி எங்கே இருக்கும்?”

“தலையணைக்கு அடியில. வீட்டுல நான் மட்டும்தானே! நைட்டு தூக்க மாத்திரை போட்டா கட்டை மாதிரி கிடப்பேன். காலையில கழுத்துதான் பிடிச்சுக்குது, உக்காந்துகிட்டே தூங்கின மாதிரி.”

ஒயரைச் சுற்றிக் கவ்வும் சின்னப் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. ஒவ்வொரு நொடியும் ஓடும் கரண்டைக் குறித்துக்கொள்ளும். கண் கொட்டாமல் காவல் காப்பதற்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. அதை பானட்டுக்குள் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் காலையில் வண்டி எழவில்லை. எப்படியோ ஓடிப்போய் மணி அடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாலையில் பெட்டியைக் கழற்ற அவள் வீட்டுக்கு வந்த மீட்டர், அவள் முகத்தைப் பார்த்ததும் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே வைத்தியத்தை முடித்தார். பழைய பேட்டரி தினம் தினம் வற்றி நொந்துபோயிருந்தது. விளக்கு எரியும், என்ஜினைச் சுற்றத் திராணி இருக்காது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய புது பேட்டரி ஒன்றை வைத்தார்.

“எது குடிச்சாலும் ஒரு ராத்திரிக்கு இது தாங்கும். நீ தூங்கு. நான் பெட்டியைப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்து, பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். திரையில் கோடு தட்டையாக ஓடியது. வண்டி தூங்குகிறது. ராத்திரி சரியாக இரண்டு பத்துக்கு ஒரு சின்னப் படி ஏறியது. கதவு திறந்து உள்விளக்கு எரிந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது அணைந்தது. கதவு மூடியாயிற்று.

அடுத்து சீட் மோட்டாரின் மேடு வர வேண்டும். அந்தச் சீட்டில் வேறு யார் உட்கார்ந்தாலும் அதைப் பின்னுக்குத் தள்ளாமல் முடியாது. கோட்டில் மேடே இல்லை. வந்த ஆளுக்கு அந்த இடம் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

பிறகு ஐந்து ஆம்பியர். அது எதன் அளவு என்று அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். பிரேக் விளக்கு. ஒரு கால் பிரேக்கை மிதிக்கிறது. உடனே ஒரு பெரிய ஊசி முனை, ஸ்டார்ட் பட்டன். பழைய பேட்டரிக்குத் தெம்பில்லை, கோடு கவிழ்ந்தது. மறுபடி ஊசி. மறுபடி கவிழ்ந்தது. நாலு முறை.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நாலு இருபது வரை, சொட்டுச் சொட்டாக வண்டி வற்றும் வரை, அந்தக் கால் மட்டும் பிரேக்கிலேயே இருந்தது.

அந்த வண்டியை மூன்று வாரமாக நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தது ஒரு செத்த பேட்டரி. அதைத்தான் அவர் மாற்றியிருக்கிறார்.

போனை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே அவள் குரல் துள்ளியது.

“அண்ணே! உங்களுக்கு ஆயுசு நூறு. ஒரே அழுத்து, புலி மாதிரி எழுந்துச்சு! பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன். இப்பதான் எதையோ மறந்துட்டேன்னு வண்டிக்கு வந்தேன்.”

“உள்ளே உக்காந்திருக்கியா? ட்ரிப் மீட்டர் எவ்வளவு காட்டுது, பார்த்துச் சொல்லு.”

பேட்டரியைக் கழற்றினால் அந்த வண்டியில் ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டர் அழிந்து பூஜ்யமாகிவிடும். நேற்று மாலை அது பூஜ்யத்தில் நின்றதை அவரே பார்த்திருந்தார்.

“எழுபத்தொண்ணு. ஏண்ணே?”

“உன் வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?”

“ஒம்பது கிலோமீட்டர்…” பேச்சு பாதியில் நின்றது. பிறகு சின்னக் குரலில், “அண்ணே, நேத்து நீங்க பேட்டரி மாத்தினதுக்கு அப்புறம் நான் எங்கேயும் போகலையே.”

“தெரியும்மா. இறங்கி முதல்ல வண்டியைச் சுத்திப் பாரு. எங்கேயாவது இடிச்ச அடையாளம் இருக்கா?”

கதவு திறக்கும் சத்தம். காலடிகள். ஒரு பக்கம், முன்பக்கம், மறுபக்கம்.

“இல்லைண்ணே. டயர்ல மட்டும் மணல் ஒட்டியிருக்கு. நம்ம பக்கம் எங்கேயும் மணலே கிடையாதே…”

“சரி. பயப்படாதே, நான் கிளம்பிட்டேன். அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர் அங்கேதானே இருக்கார்? நேரா அவர்கிட்ட போ. எல்லாத்தையும் சொல்லு.”

“வண்டி?”

“பூட்டிட்டு சாவியை யார்கிட்டயாவது குடுத்துடு.”

“யார்கிட்டண்ணே குடுக்கறது?”

மீட்டர் ஏற்கெனவே ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“யார்கிட்ட வேணும்னாலும் குடு. உன்கிட்ட மட்டும் வேண்டாம்.”