நாற்பதாம் சுற்றில் செத்த செல்கள்

தேஜோன் நகர ஆய்வகத்தில் நான் உருவாக்கிய பேட்டரிப் பூச்சுக்கு அப்போது நல்ல பெயர். லித்தியம் தகட்டை மின்னேற்றும்போது அதன்மேல் ஊசி ஊசியாக முளைக்கும். அவை நடுவிலுள்ள தடுப்புத்தாளைத் துளைத்தால் பேட்டரி செத்துவிடும். என் பூச்சு அந்த ஊசிகளை அடக்கிவிடும் என்று கட்டுரை எழுதினேன். நான் செய்த பன்னிரண்டு சோதனைச் செல்களில் ஒன்பது, மின்னேற்றி இறக்கும் சுற்றுகளில் இருநூறைத் தாண்டின. மூன்று, நாற்பதாவது சுற்றை ஒட்டிச் செத்தன. அந்த மூன்றையும் கட்டுரையில் விட்டுவிட்டேன்.

அடுத்த ஆண்டு பான் ஹ்யேரின் ஆய்வு மாணவியாக வந்து சேர்ந்தாள். பேராசிரியர் மெங் என் பூச்சையே அவளுக்கு ஆய்வாகக் கொடுத்தார். அவள் செய்த செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதாவது சுற்றில் செத்தன. ஏன் என்று என்னிடம் கேட்டாள். செல்லைப் பொருத்தும்போது உனக்குக் கை நடுங்குகிறது என்றேன். நடுங்கவில்லை. என் கையைவிட உறுதியான கை அவளுடையது.

எட்டு மாதம் போராடினாள். காபியை விட்டாள். மதியம் சாப்பிட வராமல் வெறும் தகடுகளைப் பொருத்திப் பழகினாள். கடைசியில், குழுக் கூட்டத்தில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குன்சானில் தன் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவளுடைய மேசையைக் காலி செய்யும் வேலை எனக்கு வந்தது. நோட்டில் செத்த ஒவ்வொரு செல்லுக்கும் எதிரே 'என் கை' என்று எழுதியிருந்தாள். நாற்பத்தேழு இடங்களில். அன்றே பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹ்யேரினுக்குத் தெரியுமா என்று மட்டும் அவர் கேட்டார்.

சனிக்கிழமை குன்சானுக்குப் பஸ் ஏறினேன். கடையில் அவளிடம், நான் மறைத்த மூன்று செல்களைப் பற்றிச் சொன்னேன். ஹ்யேரின் ஒரு கண்ணாடிச் சட்டத்தில் திருகாணி முடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கட்டுரை எழுதுறப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"நான் வந்து கேட்டப்போ?"

"அப்பவும் தெரியும்."

திருகாணியை முடுக்கி முடித்தாள்.

"எங்கம்மா என்னை நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டேன்."

வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். அவள் எழுந்து அவரைக் கவனிக்கப் போனாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். ஆய்வக வேலையும் போயிற்று. பேராசிரியர் நேரில் போய் அழைத்ததால் ஹ்யேரின் திரும்பி வந்தாள். நாற்பதாவது சுற்றில் பூச்சு ஏன் விரிசல் விடுகிறது என்று கண்டுபிடித்து எழுதினாள். அந்தக் கட்டுரையை நான் மூன்று முறை படித்துவிட்டேன். வாழ்த்துச் சொல்லும் துணிச்சல் இன்னும் வரவில்லை.