ஒரு சிகரெட் நேர நுரை

சோப்புக் கம்பெனியில் அவருக்கு 'நுரை மாஸ்டர்' என்றுதான் பெயர். கரைசலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றுவார். பத்துத் தரம் குலுக்குவார். உடனே ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பார். அது தீரும்வரை நுரை நின்றால் சரக்கு பாஸ். அதற்குள் அமுங்கினால் 'ரிஜெக்ட்' முத்திரை, டப்பென்று விழும். கடிகாரம் எதற்கு? ஒரு நாளைக்கு இருபது குழாய், இருபது சிகரெட். முப்பத்தாறு வருஷம்.

இப்போது அறுபத்தைந்து. ஆஸ்பத்திரி வராந்தாவைக் கடப்பதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்தாயிற்று.

"நுரையீரல்ல குட்டிக் குட்டியா காத்துப் பை இருக்கு. உள்பக்கம் சோப்பு மாதிரி ஒரு பூச்சு," என்றார் டாக்டரம்மா. "அது இருந்தாத்தான் பை ஒட்டிக்காம விரியும். வயசானா அது கொஞ்சம் குறையும். மிச்சத்த உங்க சிகரெட் கெடுத்துடுச்சு."

"சோப்பா?" மனைவி அவரை முறைத்தாள். "உள்ளயும் அதே கம்பெனிதானா?"

அவர் சிரிக்கவில்லை. "குறைமாசக் குழந்தைக்கு அந்தப் பூச்சையே மருந்தா விடுறீங்களாமே? நேத்து ஒண்ணு பொழச்சுதுன்னு மாப்ள சொன்னான். எனக்கும்... விடுங்கம்மா."

மாப்ள என்றால் மனைவியின் தம்பி. அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்.

"அந்தக் குழந்தைக்குப் பை புதுசு, பூச்சுதான் இல்ல. உங்களுக்குப் பையே கிழிஞ்சிருக்கு. இதுக்கு அந்த மருந்து பலிக்காது."

"நிறுத்தி நாப்பது நாள் ஆச்சு!"

"நல்லது. இனி கெடுறது மெதுவாகும். போனது வராது."

டாக்டர் சொன்னால் ஆயிற்றா? நுரை சொல்லட்டும். நுரை நின்றால், காலில் விழுந்தாவது அந்த மருந்தை வாங்கிவிடுவது. மனைவி பின்னாலேயே வர, நேராக லேபுக்குப் போனார்.

"நேத்து நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுக் கழுவி எடுத்தீங்களே, அந்தத் தண்ணி மிச்சம் இருக்கா?"

"மாமா, அதுல நீங்க என்னத்தப் பாக்கப் போறீங்க?"

"முப்பத்தாறு வருஷம் வேற என்னத்தடா பாத்தேன்? குடு!"

மூடிய குழாயில் நாலு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். குலுக்கினார். ஆறாவது குலுக்கலில் மூச்சு வாங்கியது. மீதி நாலை மாப்ளதான் குலுக்கி, குழாயைத் தாங்கியில் நிறுத்தினான்.

வெள்ளையாக எழும்பியது நுரை.

"வந்துடுச்சுங்க!" என்று கத்தினாள் மனைவி.

பழக்க தோஷம், அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பை காலி. விரல்கள் துணியின் அடியைத் தொடுவதற்குள் நுரை சரிந்தது, ஓட்டை விழுந்தது, ஓரத்தில் ஒரு கோடாக ஒட்டி அதுவும் மறைந்தது. தீக்குச்சி அணையும் நேரம்கூட இல்லை.

"இன்னொரு தரம் குலுக்கட்டுமா, மாமா?"

தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஒரு சரக்குக்கு ஒரு குலுக்கல்தான். அவரே போட்ட சட்டம்.

"என்னங்க, பாஸா? வாயத் தெறந்து சொல்லுங்களேன்!"

ஒரே ஒரு வார்த்தை. அதற்கும் மூச்சு போதவில்லை. கட்டை விரலை மேசைமேல் வைத்து, முத்திரை குத்துவது போல அழுத்தினார்.