சிம்மகேது எழுந்து நின்றான்

சிம்மகேது பல்லவனை வரலாற்றில் தேடினால் கிடைக்க மாட்டான். அவனைக் கண்டுபிடித்தவர் முசரவாக்கம் அப்பாதுரை. நாற்பது ஏக்கர் நிலம், ஒரு தேர்தல் தோல்வி, தானே அச்சடித்துக்கொண்ட ‘நாடகச் செம்மல்’ பட்டம், மூன்றுக்கும் சொந்தக்காரர். பதினாறு வயதில் முடிசூடி, பஞ்சம், படையெடுப்பு, சித்தப்பாவின் சூழ்ச்சி என்று ஒன்று பாக்கியில்லாமல் அனுபவித்து, கடைசியில் அரியணையைப் பறிகொடுக்கும் மன்னனைப் பற்றி நாலு மணி நேர நாடகம் எழுதியிருந்தார்.

மன்னனாக நடித்தவன் பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரன் வேலாயுதம். அறுபத்தெட்டாம் வருஷம் தை அமாவாசையன்று நாடகம். பார்க்க வருகிற மெட்ராஸ் நாடகக் கம்பெனி மேனேஜர் ஒரே ஒருவரைக் கம்பெனிக்குக் கூட்டிப்போவார் என்று பேச்சு. அந்த ஒருவர் தான்தான் என்பதில் வேலாயுதத்துக்குச் சந்தேகமில்லை. ஏழு வயதில் தறிக்குழிக்குள் இறங்கியவன் வெளியே வர வேறு வழி கிடையாது. மனைவி வடிவாம்பாள் பாதித் தெருவிடம் விடைபெற்றே விட்டாள்.

ஒத்திகை அமாவாசைக்கு அமாவாசைதான். அன்றைக்குத்தான் தறி ஓடாது. அந்த ஒரு நாளையும் அப்பாதுரை பல்லவர் பெருமை பேசியே தீர்த்துவிடுவார். யாரும் எழுந்து நின்று ஒரு வசனம் சொன்னதில்லை. ஆகவே வேலாயுதம் பாடம் பண்ணியதெல்லாம் தறியில். வடிவாம்பாள் நோட்டைப் பார்த்து வாசிப்பாள். அவன் குழியில் உட்கார்ந்து மிதிபலகையை மிதித்துக்கொண்டே திருப்பிச் சொல்வான். மிதிக்கு ஒரு சொல். ஆறு மாதத்தில் நூற்றிருபது பக்கமும் காலுக்குள் இறங்கிவிட்டன. காலுக்குள் மட்டும்தான் இறங்கியிருந்தன என்பது அவனுக்கே தெரியாது.

மேனேஜர் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பல்லவ சாம்ராஜ்யம் பகல் ஒரு மணிக்கே தொடங்கியது. காட்சிக்குக் காட்சி அரியணையில் உட்கார்ந்தே வேலாயுதம் பேசினான். கொட்டினான் என்றே சொல்ல வேண்டும். கால்கள் மட்டும் மாறி மாறி ஏறி இறங்கின.

“இன்னாபா, ராஜா தறி நெய்றாரு!” என்றது ஒரு குரல்.

“பஞ்ச காலம்பா. அவருக்கும் கூலி வாணாவா?”

மேனேஜர் சிரிக்கவில்லை, முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வடிவாம்பாள் திரை ஓரத்தில் நின்று அதைப் பார்த்தாள்.

கடைசிக் காட்சி. சித்தப்பா வேடத்தில் பக்கத்துத் தறிக்காரர் பரமசிவம் வாளோடு வந்தார்.

“எழுந்து நில், சிம்மகேது! இனி இது என் ஆசனம்!”

சிம்மகேது எழுந்து நின்றான். சித்தப்பா உட்கார்ந்தார். இனி மன்னன் ஒன்பது பக்கம் பேச வேண்டும்.

ஒரு சொல் வரவில்லை.

“முடி என்பது...” என்று வடிவாம்பாள் எடுத்துக்கொடுத்தாள். “முடி என்பது” என்றான், அதோடு முடிந்தது. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தான்.

“அவசரம் போலக்கீது, வுடுங்கபா ராஜாவ!” என்று கூட்டம் கூவியது.

வேலாயுதம் அரியணைக்கு ஓடினான்.

“அண்ணே, ஏந்திரிண்ணே. குந்துனாத்தான் வரும்.”

“போடா. இது என் சீனு.”

“உன் கால்ல வுயறேன், ரெண்டு நிமிசம்ணே!”

பரமசிவம் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டார். மன்னன் இழுத்தான். கிரீடம் உருண்டது. சித்தப்பா அசையவில்லை. சனம் எழுந்து நின்று கைதட்ட, திரை விழுந்தது.

அப்பாதுரை மேனேஜரிடம் ஓடினார். “அந்த மௌனம் என் புது உத்தி சார். சொல் செத்த இடத்தில்தான் நாடகம் பிறக்கிறது.”

“அப்படியா? அந்தச் சித்தப்பா யாரு? என்னா புடி! நாற்காலிய விடலியே மனுஷன். அவர வரச் சொல்லுங்க.”

வேலாயுதம் பக்கத்தில்தான் நின்றான். “சார், நான் குந்திக்கினு சொல்றேன், முழுசா. ஒரே ஒருவாட்டி கேளுங்க சார்.”

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “தம்பி, மெட்ராஸ்ல ராஜாங்க நின்னுக்கினுதான் பேசுவாங்க.”

பஸ் ஏறப் போகும்போது பரமசிவம் வேலாயுதத்தைத் தனியே அழைத்தார். முகத்தில் வெற்றியைவிடச் சங்கடம்தான் அதிகம்.

“மன்சுல வச்சுக்காதபா. என் தறில பாவு பாதில நிக்குது. மொதலாளி கத்துவாரு. நீயே நெய்ஞ்சு குட்த்துடு, இன்னா?”

வடிவாம்பாள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஒட்டு மீசையைப் பிய்த்தபடி வேலாயுதம் கேட்டான்: “எத்தினி முழம் பாக்கிண்ணே?”