இருநூற்றுப் பதினாறு ஓட்டைகள்

வீட்டில் லேசரை வைத்து விளையாடுகிறவர்கள் ஒரு தனி ரகம். பகலெல்லாம் ஒருவர் கணக்கு வாத்தியாராக இருப்பார், ஒருவர் பஸ் ஓட்டுவார், ஒருவர் பல் பிடுங்குவார். சாயங்காலமானால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு, கண்ணாடிகளை வைத்து ஒரு சிவப்புப் புள்ளியை அறை முழுக்கத் துரத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் கண்ணாடிகள் இம்மி அசையாமல் நிற்க வேண்டுமென்றால் கனத்த அலுமினியப் பலகை வேண்டும். பலகை முழுக்க இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாக, மரை போட்ட ஓட்டைகள் வேண்டும். கண்ணாடியின் காலை எங்கே வேண்டுமோ அங்கே திருகிக்கொள்ளலாம்.

அந்தப் பலகையைத்தான் வீட்டின் பின்பக்கத்துப் பட்டறையில் பதினோரு வருஷமாக அவர் செய்துகொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ஓட்டைக்காரர். நாள் பூரா ஓட்டை போடுகிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள் என்று அவரும் விட்டுவிட்டார். அவர் மனைவி வைத்த பெயர் வேறு. கல்லுளிமங்கன். பல்லைப் பிடுங்கினாலும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று அர்த்தம். பலகைகளைச் சுற்றிக் கட்டி அனுப்புவது அவள் வேலை.

ஓட்டை போடுவது மெஷின். மரையை மட்டும் அவர் கையால்தான் போடுவார். மரை வெட்டுகிற டேப் என்ற ஊசி உள்ளே இறங்கி இறுகும்போது, அது ஒடிவதற்கு ஒரு நொடி முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு ஓட்டையின் வாயையும் கத்தியால் சீவுவார். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பலகை முழுக்கத் தடவுவார். தலைமுடியில் பாதி உயரத்துக்குப் பிசிறு இருந்தாலும் கை சொல்லிவிடும். அவ்வளவு சின்னப் பிசிறு மேலே கண்ணாடியின் கால் உட்கார்ந்தால், எதிர்ச் சுவரில் புள்ளி ஒரு விரல் தள்ளிப் போய் நிற்கும். ஓட்டைக்காரர் தடவிய பலகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு பேச்சே இருந்தது.

அப்படிப்பட்டவருக்குத்தான் பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பலகை திரும்பி வருகிறது. மூன்று ஓட்டைகளில் பிசிறு இருப்பதாகவும், கண்ணாடி ஆடுவதாகவும் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும் அண்ணே என்று சமாதானமும் சொன்னார். கட்டின லட்சணத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டேன், துணி மூட்டை மாதிரி வந்தது என்று சிரித்தார். அந்த வாரம் மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் கட்டியது அவர்தான். புதுப் பலகை செய்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கத்தி மொண்ணையாகிவிட்டது என்று அவளிடம் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

கத்தியில் ஒன்றும் இல்லை. கையில்தான் ஒன்றும் இல்லை. போன வருஷம் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. மரத்துப்போனது விரலிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கியது. ஒரே மாதத்தில் நாலு டேப் ஒடிந்தது, நாலையும் ஒரு டப்பாவில் போட்டு ஒளித்து வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் மெஷினைத் தொடாதே என்பார்கள். கை போனால் பட்டறை போயிற்று. பட்டறையும் போனால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பயமும் கையோடு சேர்ந்து மரத்துப்போயிருந்தது. காலையில் எழுந்தார், மெஷினைப் போட்டார், சாப்பிடக் கூப்பிட்டால் போனார்.

புதுப் பலகைக்கு மூன்று நாள் ஆயிற்று. பன்னிரண்டுக்குப் பதினெட்டு, இருநூற்றுப் பதினாறு ஓட்டை. விரலை நம்பாமல் காதை வைத்து மரை போட்டார். டேப் கிறீச்சென்றால் நிறுத்தினார். ஒன்றுகூட ஒடியவில்லை. ஓட்டைகளின் வாயைச் சீவினார். மத்தியானம் பலகையைத் துடைத்து மேஜைமேல் வைத்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். மேலிருந்து கீழே, வரிசை வரிசையாக. நன்றாக வழவழவென்று இருந்தது. அவருக்கு எல்லாமே வழவழவென்றுதான் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது மனைவி எதிரில் நின்றிருந்தாள். கையில் சுற்றுகிற காகிதம். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பலகையில் நாலு வரிசைக்குச் சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

"கையைக் காட்டுங்க."

காட்டினார். உள்ளங்கை குறுக்கே கிழிந்து ரத்தம் மணிக்கட்டுவரை வந்திருந்தது. யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வலிக்கலையா?"

"இல்ல."

அவள் கத்தவில்லை. பழைய துணியை அவர் கையில் சுற்றி, பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு காகிதக் கட்டுகளுக்கு அடியில் கைவிட்டு ஒரு பஞ்சுச் சுருளையும் சின்னக் கத்தியையும் எடுத்தாள். கத்தி அவருடைய பழைய கத்தி, காணாமல் போனதென்று அவர் நினைத்திருந்தது. பஞ்சைக் கிள்ளிப் பலகைமேல் மெதுவாக இழுத்தாள். ஐந்து ஓட்டைகளில் பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நின்றது. மாட்டிய இடத்தில் கத்தியை வைத்து ஒரே சுற்று. மறுபடி பஞ்சு. இந்தத் தடவை எங்கேயும் மாட்டவில்லை. பழகின கை என்று பார்த்தாலே தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"டாக்டர் பலகைக்கு முன்னாடி பதினாலு பலகை. அந்த ஒரு வாரந்தான் நான் இங்க இல்ல."

கொதிக்கிற டம்ளரை ஊதாமல் கொள்ளாமல் வெறுங்கையால் அவர் தூக்கிய அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். டேப் டப்பாவையும் பார்த்தாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவர் அவர்தான்.

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

பதினாலு பலகை. கணக்கு வாத்தியார் எழுதியிருந்தார், உங்கள் கைக்கு ஒரு கும்பிடு என்று. பஸ் ஓட்டுகிறவர் போன் போட்டே சொன்னார். எல்லாவற்றையும் அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். இந்தக் கை இன்னும் போகவில்லை என்பதற்கு அந்தப் பாராட்டுகளைத்தான் அவர் சாட்சியாக வைத்திருந்தார். அத்தனையும் அவள் கைக்கு வந்தது. வெட்கமாக இருக்க வேண்டும், கோபமாவது வர வேண்டும். நெஞ்சுக்குள் ஏதோ இருந்தது, இன்னதென்று சொல்ல முடியவில்லை.

அவள் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் காயத்தைக் கழுவினாள். அதே பஞ்சில் கொஞ்சம் வைத்து, துணியால் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"ரொம்ப இறுக்கிட்டனா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஒரு வருஷமாக எதற்கும் சொல்லிப் பழகிய பதில் அது. முடிச்சைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தார். அவை தன் கைமேல் இருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

"தெரியல," என்றார்.

அவள் முடிச்சை அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கட்டினாள்.