விநாயகமூர்த்தியின் நான்கு சுழல்துப்பாக்கிகள்

அன்புராசா ஒலிவாங்கியைத் தம் பக்கம் திருப்பி, நோர்மன் ஆங்கிலத்தில் சொன்னதைச் சபைக்குத் தமிழில் சொன்னார்.

“அத்தார் பழைய மணிக்கூடுகள் சேர்க்கிறதில நல்ல விருப்பமுள்ளவராம்.”

கணவர் விநாயகமூர்த்தியின் சவப்பெட்டிக்கு அருகே அமர்ந்திருந்த மங்கையற்கரசி தலை நிமிர்ந்தார். நோர்மன் சொன்னது மணிக்கூடுகளை அல்ல, சுழல்துப்பாக்கிகளை. பாண் சுடும் தொழிற்சாலையில் விநாயகமூர்த்தியுடன் வேலை செய்தவர் நோர்மன். மூர்த்தியைத் துப்பாக்கிச் சூட்டுக் கழகத்துக்கு முதன்முதலில் அழைத்துச் சென்றவரும் அவரே.

காலையில், கனடாவின் ஸ்காபரோவிலுள்ள அந்த இறுதிச் சடங்கு மலர்ச்சாலை வாசலில் காலணிப் பனியைத் தட்டியபடியே தம்பி அன்புராசா சொல்லியிருந்தார்: “அக்கா, துவக்குக் கதை வேண்டாம். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம். அத்தார் இயக்கத்தில இருந்தவர் எண்டு நினைக்கும்.” மங்கையற்கரசி உள்ளே நடந்தார். அதைத் தம்பி சம்மதமென்று எடுத்துக்கொண்டார் போலும்.

“முதலே தெரிஞ்சிருந்தால் எங்கட நிண்டுபோன மணிக்கூட்டைக் குடுத்திருக்கலாம்” என்றார் பின்வரிசையில் தவமணி அக்கா. ஆங்கிலம் புரிந்த இளையவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நோர்மன் தொடர்ந்தார். மூர்த்தியிடம் நூறு வருடப் பழமையான சுழல்துப்பாக்கி ஒன்று இருந்தது. அது எப்போதும் சற்று இடப்புறமாகவே சுடும். குறிமுனையை அராவிச் சரிசெய்யும்படி எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் தம் கையால் செய்ததில் அரம் வைக்க மூர்த்தி இணங்கவில்லை. அதன் கோணலுக்கேற்பக் குறி வைக்கத் தாமே கற்றுக்கொண்டார்.

அன்புராசா தொண்டையைச் செருமினார். “ஒரு மணிக்கூடு பிந்தி ஓடினதாம். அத்தார் அதைத் திருத்தாமல், அப்பிடியே வைச்சு நேரம் பாத்தவராம்.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மங்கையற்கரசி எழுந்தார்.

“தம்பி, மைக்கைத் தா.”

“அக்கா, இருங்கோவன்…”

“தா.”

அவர் சபையை நோக்கித் திரும்பினார்.

“மணிக்கூடு இல்லை. ரிவோல்வர். சட்டப்படி நாலு வைச்சிருந்தவர். முதல் ரிவோல்வர் வீட்டுக்கு வந்த அண்டைக்கு, அது இருக்கிற வீட்டில நான் இருக்கமாட்டன் எண்டு சொன்னனான். பிறகு ஒருநாள் அவையின்ர கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர். கோபத்தோட பிடிச்சால் குறி தப்பும் எண்டு சொல்லுவார். ஊரில நடந்ததுகளில அவருக்கு எவ்வளவு கோபம் எண்டு எனக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சுட்டுப்போட்டு வரேக்க அந்த முகமே வேற. கிளப்பில தொங்கிற பேப்பரைத் தவிர ஒண்டையும் அவர் சுட்டதில்லை.”

அவர் குரல் உயர்ந்தது.

“அந்தக் கோணல் துவக்காலதான் போன கோடையில கிளப் போட்டியில முதலாவதா வந்தவர். எல்லா வெள்ளைக்காரரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. நான் பக்கத்தில நிண்டனான்.”

அன்புராசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உந்தக் கோணல் துவக்காலயோ, பிள்ளை?” என்று கேட்டார் தவமணி அக்கா.

“ஓம், அக்கா.”

“முதலாவதோ?”

“முதலாவது.”

வாய்க்கரிசி இடுவதற்கு வரிசை நகர்ந்தது. தவமணி அக்கா தம் முறை வந்ததும் அரிசியை இட்டார். ஆனால், உடனே விலகிச் செல்லவில்லை. வேட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்த விநாயகமூர்த்தியின் வலது கையைக் குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அவ்வாறே பார்த்தார்.